கலிவரதனுக்கு வாழ்த்துரை

உட்காரம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதன் ஒரு கை ஆடும். இப்படி வா. மாடியை அப்புறம் பார்க்கலாம், அது எங்கேயும் ஓடிவிடாது. வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் தண்ணீர் வருமா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்றுதான் கேட்கிறார்கள். முன்னால் இருந்தவர்கள் ஏன் காலி செய்தார்கள் என்று நீ ஒருத்திதான் கேட்டாய். பேங்க் வேலை என்றாயல்லவா, கேட்கத் தெரிகிறது. கேட்டதற்குச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன். கல்லூரியில் தமிழ் நடத்திய வாய், சுருக்கிச் சொல்ல வராது.

வரும்போது பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்திருப்பாய். வாசலில் இரண்டு பனைமரம். இரண்டும் பிளாஸ்டிக். ஊரைத் தாண்டினால் நிஜப் பனை வரிசையாக நிற்கிற பாண்டிச்சேரியில், பிளாஸ்டிக்கில் பனை வாங்கி நட்டு, உச்சியில் பச்சை விளக்கும் கட்டியிருக்கிறான். அவன் பெயர் கலிவரதன். கடையின் பெயர் அமுதம் ரெஸ்டோ பார். பகலில் சாதுவாகத் தெரியும். சாயங்காலம் வந்திருந்தால் நீ இந்தக் கேட்டையே திறந்திருக்க மாட்டாய்.

முன்பு அது அமுதம் மெஸ். அவன் அப்பா நடத்தியது. மத்தியானம் மீன்குழம்புச் சாப்பாடு, ராத்திரி இட்லி, முடிந்தது கதை. மகன் தலையெடுத்ததும் அது ஃபேமிலி ரெஸ்டாரண்ட் ஆயிற்று. ஒரு கடைக்காரன் பலகையில் ஃபேமிலி என்று எழுதினால், குடும்பத்துக்கு ஆகாத ஏதோ ஒன்று பின்னால் வரப்போகிறது என்று அர்த்தம். நான் அப்போதே சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்கிறாய்? அஞ்சலாட்சியிடம்தான். வேறு யார் இருந்தார்கள் எனக்கு, எதையாவது சொல்லிக்கொள்ள.

அஞ்சலாட்சி மாடியில் இருந்தவள். அவளும் அவள் புருஷன் முருகையனும். பிள்ளைகள் இல்லை. அவன் ஏசி மெக்கானிக். நல்ல வேலைக்காரன், ஒரு காலத்தில் மகா குடிகாரன். வீடு கேட்டு வந்த அன்றைக்கே அவள் அதை மறைக்காமல் சொன்னாள். நீ உட்கார்ந்திருக்கிற இதே இடத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"விட்டுட்டாரும்மா. கோயிலுக்கு மாலை போட்டு விட்டாரு. இப்ப தொடுறதில்ல. ஆனா பாத்தா தாங்கமாட்டாரு, வாசன பட்டா தாங்கமாட்டாரு. அதான் கடை இல்லாத வீதியா பாத்துப் பாத்து வரேன்."

பாண்டிச்சேரியில் கடை இல்லாத வீதி. அதைத் தேடி அவள் எத்தனை வீதி நடந்தாளோ, அவள் காலைத்தான் கேட்க வேண்டும். எங்கள் வீதியில் அப்போது இருந்ததெல்லாம் ஒரு மளிகைக்கடை, ஒரு அயர்ன் வண்டி, இந்த மெஸ். அவளுக்கு மாடி பிடித்ததோ இல்லையோ, வீதி பிடித்துவிட்டது. கிழக்கே பார்த்த ஜன்னலைத் திறந்து இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, "இது போதும்மா" என்றாள். காற்று வருகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

நல்ல பெண். படிப்பு கிடையாது. சாயங்காலம் கீழே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்குவாள். நான் ஏதாவது வாசிப்பேன். பாட்டு வாசித்தாலும் உரைநடை வாசித்தாலும் அவளுக்கு ஒன்றுதான். முடித்ததும் "நல்லாருக்கும்மா" என்பாள். எது நல்லா இருக்கிறது என்று கேட்டால் சிரிப்பாள். காது உண்டு, அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்று நான் நினைத்துக்கொள்வேன். என்றாலும் ஒரு காது இருப்பது பெரிய விஷயமம்மா. வெயில் சாய்ந்து, சுவரில் மஞ்சள் ஏறி, அது பழுப்பாகி, கடைசியில் சுவரே காணாமல் போகிற அந்த நேரத்தில், வாசிக்கிற குரலுக்கு ஒரு காது வேண்டும். சரி, அதை விடு.

கலிவரதன் லைசென்ஸ் கேட்டு எழுதிப் போட்டான். வீதியில் ஆட்சேபணை உண்டா என்று விசாரிக்க அதிகாரி வருவார் என்று அவன் கடைச் சுவரிலேயே ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் வீதிக்கு ரோஷம் வந்தது. கோதண்டபாணி வீட்டில் கூட்டம் போட்டார்கள். கோதண்டபாணி யார் என்றால், எங்கள் வீதி நலச் சங்கத்தின் செயலாளர். அந்தச் சங்கத்தில் நலமாக இருப்பவர் அவர் ஒருவர்தான். மின்சார வாரியத்தில் இருந்தவர். இப்போதும் யார் பேசினாலும் இடையில் கரண்ட் போன மாதிரி நிறுத்துவார்.

அவர் யோசனை என்ன தெரியுமா? கோயில் பக்கத்தில் இருந்தால் லைசென்ஸ் கிடைக்காதாம். ஆகவே வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளையாரைக் கொண்டு வந்து வைத்துவிடலாமாம்.

"பிள்ளையார் என்ன டிராபிக் போலீஸா, நீங்கள் நிற்க வைத்த இடத்தில் நின்று வண்டியைத் தடுக்க?" என்றேன்.

"அப்ப நீங்களே ஒரு வழி சொல்லுங்க மேடம்."

"நான் பேசுகிறேன். அதிகாரி வரட்டும், வீதி சார்பாக நான் ஒருத்தி பேசுகிறேன். எல்லாரும் பேசினால் அது மீன் அங்காடி."

அவர்களுக்கு அப்பாடா என்று இருந்தது. பேசுகிற வேலையை யாராவது எடுத்துக்கொண்டால் எங்கள் வீதிக்குப் பரம சந்தோஷம். அஞ்சலாட்சி மட்டும் வீட்டுக்குத் திரும்பும்போது வாசல்படியில் என்னை நிறுத்தினாள்.

"நானும் ஒரு வார்த்த சொல்லிக்கிறேம்மா."

"என்ன சொல்வாய்?"

"உள்ளதத்தான் சொல்வேன். எங்க வீட்டுக்காரரு விட்டிருக்காரு சார், ஜன்னலுக்கு எதுக்கால கடை வந்தா அவரு பொழைக்க மாட்டாரு, நானும் பொழைக்க மாட்டேன், வேணாம் சார்னு சொல்வேன்."

"சொல்லிவிட்டு அழுவாய்."

"அழுகை வந்தா அழுவேம்மா. வராமயா இருக்கும்."

அதுதான் வேண்டாம் என்றேன். டிவியில் பார்த்திருப்பாய், கலெக்டர் ஆபீஸ் வாசலில் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவதை. அதிகாரிகள் அதைப் பார்த்துப் பார்த்து மரத்துப் போயிருப்பார்கள். கண்ணீர் மலிவுச் சரக்கு. அவர்களைக் குத்துகிற மாதிரி, குத்தியது யார் என்று தெரியாத மாதிரி பேச வேண்டும். அதற்குத் தமிழில் வழி இருக்கிறது. அவளுக்கு அதையெல்லாம் விளக்க முடியுமா? "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

விசாரணையை எங்கே வைத்தார்கள் என்று நினைக்கிறாய்? அமுதத்திலேயே. அந்த ஃபேமிலி ஹாலில். அதிகாரிக்கு வெயில் ஆகாதாம். உள்ளே போனால் ஏசி குளிர், மேசைக்கு மேசை கட்லெட், பாதாம்பால். எதிர்க்க வந்த வீதி, எதிராளியின் கட்லெட்டைப் பிட்டுத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறது. கோதண்டபாணி சாஸ் கேட்டு வாங்கினார். நான் தண்ணீர்கூடத் தொடவில்லை. அஞ்சலாட்சியும் தொடவில்லை. நான் தொடாததால் அவளும் தொடவில்லை, அவ்வளவுதான்.

அதிகாரிக்கு நடுவயது. களைத்த முகம். பக்கத்தில் ஒரு பெண் லேப்டாப்பை விரித்து வைத்து அவர் சொல்வதை அடித்துக்கொண்டிருந்தாள். கலிவரதன் வெள்ளைச் சட்டையில், நெற்றி நிறையச் சந்தனத்தோடு, கைகட்டி ஓரமாக நின்றான். எங்கிருந்து அந்தப் பவ்வியத்தை வாடகைக்கு எடுத்தானோ.

நான் எழுந்தேன். ஹாலே அடங்கிவிட்டது. என்ன பேசினேன் என்று இன்றைக்கும் வார்த்தை பிசகாமல் சொல்வேன், கேள்.

"ஐயா, எங்கள் வீதி பாவப்பட்ட வீதி. ராத்திரியானால் இங்கே சாக்கடை ஓடும் சத்தத்தைத் தவிர வேறு சங்கீதம் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க வந்திருக்கிறார் தம்பி கலிவரதன். இனி எங்கள் பிள்ளைகள் பூகோளம் படிக்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்து, ரஷ்யா, பிரான்ஸ் எல்லா தேசமும் புட்டியில் அடைபட்டு வாசலுக்கே வரப்போகின்றன. எங்கள் பெண்களுக்கும் நிம்மதி. புருஷன் எங்கே போனான் என்று ஊரெல்லாம் தேட வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் கண்ணெதிரே கிடப்பான். அப்பா வீதிக்குச் சோறு போட்டார். மகன் அந்தச் சோறு யாருக்கும் தேவைப்படாதபடி செய்யப் போகிறார். இப்படிப்பட்ட வள்ளலுக்கு ஒரு லைசென்ஸ் போதாது ஐயா. இரண்டாகக் கொடுங்கள்."

எப்படி இருக்கிறது? ஒரு சொல் வசவு இல்லை. ஒரு சொல் புகழ்ச்சியும் இல்லை. வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர், நீ பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். புகழ்வது போலக் காட்டி இகழ்வது. நான் அணி இலக்கணம் நடத்தினால் பக்கத்து வகுப்புப் பெண்கள் ஜன்னலோரம் வந்து நிற்பார்கள்.

கோதண்டபாணிதான் முதலில் கை தட்டினார். என்ன புரிந்து தட்டினாரோ. மற்றவர்கள் கட்லெட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்கள். அதிகாரி என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்:

"அம்மா, ரொம்ப அழகா சொன்னீங்க. எங்க போனாலும் நாங்க திட்டுதான் வாங்குறோம். இவ்வளவு பெரிய மனசோட ஒரு வீதி பேசி நான் கேட்டதே இல்ல."

எனக்கு மயிர்க்கூச்செறிந்ததம்மா. ஆகா, இவரும் விஷயம் தெரிந்தவர், நான் போட்ட முடிச்சைப் பிரித்துவிட்டு அதே நூலில் பதிலுக்கு ஒரு முடிச்சுப் போடுகிறார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பெண் பக்கம் திரும்பி, "அடிச்சுக்கம்மா. வீதியின் மூத்த குடிமகளும் ஓய்வு பெற்ற பேராசிரியருமான அம்மையார், மேற்படி உணவகத்தின் முயற்சியை முழுமனதுடன் வரவேற்கிறார்" என்றார். மூத்த குடிமகள். மதுக்கடை விசாரணையில் அந்தச் சொல்லை எவ்வளவு நயமாக எடுத்துப் போடுகிறார் என்று எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்கு ஈடாகப் பேச ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம்.

"வேற யாராச்சும் பேசணுமா?" என்றார்.

அஞ்சலாட்சி பாதி எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தேன். அவ்வளவு நேர்த்தியாக ஒன்றைக் கட்டி முடித்த பிறகு அதன் மேல் மூக்கைச் சிந்த விடுவேனா?

அதிகாரி கவனித்துவிட்டார். "அந்தம்மா என்னமோ சொல்ல வர்றாங்க. சொல்லுங்கம்மா, பரவால்ல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பார்த்த பார்வையில் எம்.ஏ. மாணவிகளே வாயை மூடிக்கொள்வார்கள்.

"ஒண்ணுமில்லீங்க சார். எங்கம்மா சொன்னதுதான் எனக்கும்."

"நீங்க பக்கத்துலயே குடியிருக்கீங்களா?"

"ஆமாங்க. ஒட்டுன சொவரு."

"ரொம்ப நல்லது. அதையும் அடிச்சுக்கம்மா, ஒட்டிய வீட்டில் குடியிருப்போரும் அதே கருத்து."

அதுவும் அவர் செய்கிற விளையாட்டு என்றுதான் நினைத்தேன். யார்தான் நினைக்க மாட்டார்கள்.

கிளம்பும்போது கலிவரதன் வாசல் வரைக்கும் கூட வந்தான். குனிந்து என் செருப்பைத் திருப்பி வைத்தான். "அம்மா வாழ்த்து எனக்குப் பெரிய விஷயம்" என்றான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

லைசென்ஸ் வந்தது. இரண்டாக வந்தது. கீழே ஹாலுக்கு ஒன்று, மொட்டைமாடிக்கு ஒன்று. மொட்டைமாடி அதற்கு முன்னால் அவன் கணக்கிலேயே இல்லையாம். நான் கொடுத்த யோசனை என்று சொல்லிக்கொண்டு திரிந்தானாம்.

கோதண்டபாணி மூச்சு வாங்க ஓடி வந்தார். "மேடம், என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க? ரெண்டா குடுங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது அணி, ஐயா."

"எந்த அணிங்க? கலிவரதன் அணியா?"

பார்த்தாயா? இந்த ஊரில் அணி என்றால் கட்சியில் கோஷ்டி. அவ்வளவுதான் தெரியும். இவர்களுக்காகப் பேசப் போனேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். கை தட்டினீர்களே, எதற்குத் தட்டினீர்கள் என்றேன். "நீங்க பேசினா எதுவா இருந்தாலும் நல்லாத்தான் இருக்கும்னு தட்டினோம்" என்கிறார்.

அப்பீல் செய்ய அவகாசம் இருந்தது. கோதண்டபாணி யாரோ வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். ரொம்பச் சுலபமாம். நான் போய் அதிகாரி முன்னால், என் பேச்சு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது, நான் சொல்ல வந்தது நேர்மாறானது என்று நேரில் சொன்னால் போதுமாம். எப்படி இருக்கிறது கதை? என் பேச்சு தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதா? நான் தெளிவாகத்தான் பேசினேன். சின்னப் பிள்ளைக்கும் புரியும். அதிகாரிக்குக் காது இல்லையென்றால் அது இலாகாவின் குறை. நான் போய், ஐயா, இந்த இடத்தில் நான் சிரிக்காமல் சிரித்தேன், இந்த இடத்தில் கிள்ளினேன் என்று பதவுரை, பொழிப்புரை சொல்லிக்கொண்டு நிற்பதா?

அஞ்சலாட்சியும் கேட்டாள். தரையில் உட்கார்ந்து என் முழங்காலில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஒரே ஒரு நட போய் வந்துடலாம்மா. நா ஆட்டோ கூட்டியாறேன். நீங்க எறங்கவே வேணாம், அவர வெளிய வரச் சொல்றேன்."

"அதிகாரியை ஆட்டோவுக்கு வரவழைப்பாயா?"

"கால்ல விழுந்தா வருவாரும்மா."

இதுதான் இவர்களுக்குத் தெரிந்த ஒரே இலக்கணம். நீ வேண்டுமானால் போய்ச் சொல் என்றேன். போனாள். நீங்களும் அதே கருத்து என்று பதிவாகியிருக்கிறதே என்று கேட்டார்களாம். பேராசிரியர் அம்மாவே வந்து மாற்றிச் சொன்னால் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போதும் அவள் அழவில்லை. எனக்கு ஆச்சரியம். அவகாசம் அப்படியே முடிந்து போயிற்று.

கடை திறக்கும் முன்னால் கலிவரதன் ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். வாசலிலேயே நின்றான், உள்ளே கூப்பிடவில்லை.

"அம்மா கோவமா இருப்பீங்கன்னு தெரியும்" என்றான். "அன்னிக்கு நீங்க பேசினது வஞ்சப்புகழ்ச்சின்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுது. ப்ளஸ் டூவுல எனக்குத் தமிழ்தான் நல்லா வரும். அந்தச் சோறு யாருக்கும் தேவைப்படாதபடின்னு ஒண்ணு சொன்னீங்களே, சுருக்குன்னு இருந்துது. ராத்திரியெல்லாம் அதேதான் ஓடிட்டிருந்துது."

"தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை."

"நான் ஏம்மா திறக்கணும்?"

அயோக்கியன். ஆனால் ஒன்று சொல்கிறேன், பாராட்ட வேண்டியதைப் பாராட்ட வேண்டும். அந்த ஹாலில் அத்தனை பேர் இருந்தார்கள், அவன் ஒருவன்தான் கேட்டிருக்கிறான். எந்த வரி எங்கே குத்தியது என்று எடுத்துச் சொல்கிறான் பார். அந்த ஸ்வீட் பாக்ஸை நான் வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கக் கூடாது? அது லைசென்ஸுக்காகக் கொடுத்ததில்லை, அந்த வரிக்காகக் கொடுத்தது. அஞ்சலாட்சிக்கும் இரண்டு எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

அப்புறம் நடந்ததை நீயே ஊகித்திருப்பாய். ஹாலுக்கும் மேலே போட்ட கண்ணாடி ரூமுக்கும் ஏசி மாட்ட ஆள் வேண்டியிருந்தது. ஒட்டிய வீட்டிலேயே மெக்கானிக் இருக்கும்போது வெளியிலிருந்து யாராவது கூப்பிடுவார்களா? முருகையன் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னான். அதைச் சொல்லிவிட வேண்டும். அவன் வாங்கிக்கொண்டிருந்த மற்ற வேலைகள் அப்போது படுத்துக் கிடந்தன. போனான். மாட்டினான். அப்புறம் தண்ணீர் ஒழுகுகிறது, கூலிங் இல்லை என்று ஏதாவது சாக்கு வந்துகொண்டே இருந்தது. ஒரு சாயங்காலம் போனவன் மொட்டைமாடியில் உட்கார்ந்துவிட்டான். அவர்கள் பக்கவாட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே. நான் பேச்சில் சொன்னேனே, ஜன்னலைத் திறந்தால் கண்ணெதிரே என்று, ஏறக்குறைய அதே மாதிரி. சொல்லுக்கு ஒரு பலம் உண்டு, நான் எப்போதும் சொல்வேன்.

மேலே சண்டை எதுவும் கேட்கவில்லை. முன்னெல்லாம் இருவரும் சின்ன விஷயத்துக்கும் சத்தம் போடுவார்கள், பாத்திரம் விழும். இப்போது ஜன்னல் சாத்துகிற சத்தம் மட்டும் வரும். வெண்டைக்காயோடு கீழே வருவது நின்றுவிட்டது. நான் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், கொஞ்ச நாள். சத்தமாக வாசித்தால் மாடிக்குக் கேட்கும் என்று சத்தமாகவே வாசித்தேன்.

ஒரு நாள் வந்தாள். உட்காரவில்லை.

"அம்மா, அன்னிக்கு நீங்க என்னதாம்மா சொன்னீங்க? எனக்குச் சொல்லுங்க."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். இத்தனை நாளில் முதல்முறையாக அவளாக ஒன்றைக் கேட்கிறாள். பொறுமையாக விளக்கினேன். பரீட்சையில் முட்டை வாங்கினவனிடம், அடடா, கணக்கில் உனக்கு நிகர் யார் என்கிறோமே, அது மாதிரி என்றேன். புகழ்ச்சி மேலே இருக்கும், வசவு உள்ளே இருக்கும், கேட்கிறவன்தான் தோலை உரித்துச் சாப்பிட வேண்டும் என்றேன். அசையாமல் கேட்டாள். நல்ல மாணவி மாதிரி கேட்டாள்.

"அப்ப நீங்க அவனத் திட்டினீங்க."

"ஆமாம்."

"கடை வேணாம்னு சொன்னீங்க."

"வேறென்ன?"

"திட்டினதத் திட்டின மாதிரியே சொல்லியிருக்கலாமேம்மா."

நான் சிரித்துவிட்டேன். என்ன செய்வது, இதுதான் இவர்கள் எல்லை. அதற்கு மேலே ஏற்ற முடியாது. "அப்படிச் சொல்லத்தான் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்களே" என்றேன். "ஆமாம்மா, நானும் இருந்தேன்" என்றாள். பிறகு மேலே போய்விட்டாள்.

அடுத்த மாதமே காலி செய்தார்கள். பாகூர் பக்கம் அவள் அண்ணன் வயலை ஒட்டி ஒரு ஓட்டு வீடு இருக்கிறதாம். அங்கே ஏசி யார் வைத்திருக்கப் போகிறார்கள், முருகையன் என்ன வேலை செய்வான் என்று கேட்டேன். "வேலை இல்லாட்டிப் பரவால்லம்மா, சும்மா இருக்கட்டும்" என்றாள். இந்த முறை இரண்டு பேருமாகக் கோயிலுக்கு மாலை போடப் போகிறார்கள் என்று கோதண்டபாணி சொன்னார். போடட்டும். இந்தப் பாரை வர விட்டார்களே, எல்லாம் இந்த வீதியால் வந்த வினை. வாய் இல்லாத வீதி. காது இல்லாத அதிகாரி. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு அந்தப் பெண்ணின் குடித்தனம் கலைந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கிளம்புகிற அன்றைக்கு, சாமான்களையெல்லாம் குட்டியானை வண்டியில் ஏற்றிவிட்டு, சாவி கொடுக்க வந்தாள். தலை சீவி, நல்ல புடவை கட்டியிருந்தாள். வாசலில் நின்றுகொண்டு, இவ்வளவு நாளில் அவள் என்னிடம் பேசியதிலேயே நீளமாக ஒன்று பேசினாள். திணறாமல் பேசினாள். நான் மறக்கவில்லை.

"அம்மா, உங்கள மாதிரி படிச்சவங்க நெழல்ல இருக்க நாங்க குடுத்து வச்சிருந்தோம். எங்களுக்காக நீங்க பேசின பேச்சு இருக்கே, அத எங்க குடும்பமே மறக்காது. அவருக்குத் தெனமும் ராத்திரி அந்தப் பேச்சோட பலன்தான். இன்னும் நாலு வீட்டுக்கும் நீங்க இதே மாதிரி பேசணும். நல்லாருங்கம்மா."

என் கண் நிறைந்துவிட்டது. பார், அந்தக் கூட்டத்தில் என் பேச்சை நினைத்து நன்றி சொல்ல அந்த எழுத்தறியாத பெண்தான் இருந்தாள். படித்தவர்கள் வாழ்த்தினால் அதில் ஒரு முள் இருக்கும். இவர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, நெஞ்சில் இருப்பது அப்படியே நாக்கில் வரும். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. அதற்குள் அவள் படி இறங்கிவிட்டாள்.

முருகையன் குட்டியானையின் பின்பக்கத்தில், பிரிட்ஜைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவள் பேசியதெல்லாம் அவன் காதில் விழுந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். நன்றி சொல்கிற இடத்தில் எதற்காக அப்படிச் சிரித்தான் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

குடித்திருப்பான்.